ஜப்பான் ரயில் பாஸ்: 50,000 யென் கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

புதுப்பயணி:
ஏப்ரலில் நானும் கணவரும் ஒன்பது வயது மகளும் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, மியாஜிமா தீவு பார்த்துவிட்டு மறுபடி டோக்கியோவிலிருந்தே விமானம் ஏற வேண்டும். மொத்தம் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. சில வருடங்களுக்கு முன் போய்வந்த என் மாமா, "முதலில் ஜே.ஆர். பாஸை வாங்கு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்கும் அந்த ஏழு நாள் பாஸ் ஆளுக்கு 50,000 யென் என்று பார்த்ததும் தயக்கமாக இருக்கிறது. வாங்கலாமா?

கணக்கர்:
வாங்காதீர்கள் அம்மா. உங்கள் மாமா சொன்னது அவர் போன காலத்துக்குச் சரி. 2023 செப்டம்பர் வரை அதே ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோ–கியோட்டோ போய்வரவே ஏறக்குறைய 28,000 ஆகிவிடும் என்பதால், கூடவே இன்னொரு ஊர் பார்த்தாலே போட்ட பணம் வந்துவிடும். அக்டோபர் 1 முதல் ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். பழைய விலையை வைத்து எழுதிய அறிவுரைகள் இன்னும் உலவிக்கொண்டிருக்கின்றன, அவற்றை நம்பி எத்தனையோ பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

உங்கள் வழியைக் கூட்டிப் பாருங்கள். டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,000, ஹிரோஷிமா–டோக்கியோ சுமார் 19,000. ஆக 44,000. எதற்காக 50,000 கொடுக்க வேண்டும்?

வழிப்போக்கன்:
கணக்கர் ஐயா பெரிய ரயில்களை மட்டும் கூட்டியிருக்கிறார். நரீதா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் நரீதா எக்ஸ்பிரஸ் 3,000 யெனுக்கு மேல், பாஸில் அது உண்டு. கியோட்டோவிலிருந்து நாராவுக்கு ஜே.ஆர். ரயில், ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமகுச்சிக்கு ரயில், அங்கிருந்து தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகு எல்லாம் உண்டு. படகில் 100 யென் பார்வையாளர் வரி மட்டும் தனி. சேர்த்துப் பார்த்தால் ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிடும்.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஹிமேஜி கோட்டைக்கு எதிரே ரயில் நிற்கிறது, செர்ரி பூத்திருக்கிறது. தனி டிக்கெட் வைத்திருப்பவர் இறங்குவதற்கு முன் யோசிப்பார். பாஸ் வைத்திருப்பவர் இறங்கிவிடுவார். அடுத்த ரயிலுக்கு வேண்டுமானால் புதிதாக முன்பதிவு செய்துகொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. தெரியாத ஊரில் குழந்தையோடு சுற்றுபவர்களுக்கு இந்த நிம்மதி சாதாரணமானதல்ல.

கணக்கர்:
நரீதா ரயிலைச் சேர்த்தீர்கள், நாட்களைப் பார்த்தீர்களா? பாஸின் ஏழு நாளும் தொடர்ச்சியான நாட்கள். அவர்கள் இறங்கியதும் டோக்கியோவில் தங்கப்போகிறார்கள். விமான நிலையத்திலேயே பாஸைத் தொடங்கினால், டோக்கியோவுக்குள் சுற்றும் நாட்களெல்லாம் அதில் கரைந்துபோகும். நகருக்குள் பெரும்பாலும் சுரங்க ரயில்தான், பாஸ் அங்கே செல்லாது.

இறங்கி ஏறும் சுதந்திரமும் பாஸுக்கு மட்டும் உரியதல்ல. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரண காகித டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் வழியில் இறங்கிவிட்டு மறுபடி ஏறலாம். ஹிரோஷிமா–டோக்கியோ தூரத்துக்கு அந்த டிக்கெட் ஆறு நாள் செல்லும். அதிவேகக் கட்டணத்தை மட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். செயலியில் வாங்கும் ஸ்மார்ட் இ.எக்ஸ். டிக்கெட்டுக்கு இந்த வசதி இல்லை. முன்பதிவு செய்த ஷின்கான்சென் அதிவேக ரயிலைத் தவறவிட்டாலும் அன்றைக்கே பின்னால் வரும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் போகலாம். ரயில்வே ஏற்கெனவே கொடுத்திருக்கும் வசதிக்கு இன்னொரு முறை ஏன் பணம் கட்ட வேண்டும்?

வழிப்போக்கன்:
சரி, நாட்களை மாற்றி அடுக்கட்டுமே. இறங்கியதும் நேரே கியோட்டோ, பிறகு ஹிரோஷிமா, ஏழாம் நாள் டோக்கியோ. டோக்கியோ நாட்கள் முழுவதும் கடைசியில், பாஸுக்கு வெளியே. நரீதா ரயிலும் கணக்கில் வந்துவிடும்.

இருப்புப்பாதை:
ஒன்பது வயதுப் பிள்ளையை விமானத்திலிருந்து இறக்கி, நகரத்துக்கு ஒரு ரயில், பிறகு இரண்டே முக்கால் மணி நேரம் ஹிகாரி என்ற ஷின்கான்சென் என்று இழுத்துக்கொண்டு போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அண்ணா.

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட வழி ஒன்று இருக்கிறது. மேற்கு ஜப்பான் ரயில்வேயின் கன்சாய்–ஹிரோஷிமா பாஸ்: தொடர்ந்து ஐந்து நாள், 2023 விலை உயர்வுக்குப் பிறகு 17,000 யென். ஒசாகா, கியோட்டோ, நாரா, ஹிமேஜி, ஹிரோஷிமா, மியாஜிமா படகு எல்லாம் அதற்குள். டோக்கியோ போய்வர 28,000 சேர்த்தால் 45,000. தனித்தனியாக வாங்குவதைவிட ஆயிரம் கூடத்தான், ஆனால் நாராவும் படகும் ஹிமேஜியும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன. ஹிமேஜியில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஒரு யென்கூடத் தனியாகக் கட்ட வேண்டாம்.

வேகமும் இதில்தான். நாடு முழுவதற்குமான பாஸில், ஹிகாரியைவிட வேகமான நொசோமி ரயிலில் ஏற வேண்டுமென்றால் டோக்கியோ–கியோட்டோவுக்குத் தனியாக 4,960 யென், டோக்கியோ–ஹிரோஷிமாவுக்கு 6,500 யென். இந்த வட்டாரப் பாஸில், ஒசாகாவின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே நொசோமியே ஏறலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கியோட்டோ–ஷின்-ஒசாகா ஷின்கான்சென் வேறு நிறுவனத்தின் பாதை, அங்கே இந்தப் பாஸ் செல்லாது. அந்தத் துண்டுக்கு ஷின்-காய்சோக்கு என்ற விரைவு ரயிலில் போங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

வழிப்போக்கன்:
நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் "பாஸ் வாங்காதீர்கள்" என்று பொதுவாகச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். டோக்கியோவிலிருந்து வடக்கே ஹக்கோதாதே பக்கம் ஒரு வழிக்கே 23,000 யெனை ஒட்டி வரும், மேற்கே ஹகாட்டாவுக்கும் அப்படித்தான். ஒரே வாரத்தில் வடக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை போனால் பாஸ் இன்றைய விலையிலும் லாபம்தான். தூரம் போகிறவருக்குப் பாஸ், ஓரிடத்தில் தங்கிப் பார்க்கிறவருக்கு டிக்கெட்.

புதுப்பயணி:
எல்லோருக்கும் நன்றி. வட்டாரப் பாஸ் என்றே முடிவுக்கு வந்திருந்தேன். இப்போது கணவர் கனாசாவாவில் கென்ரோகுயென் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். சேர்த்தால் கணக்கு மாறுமா?

கணக்கர்:
அடியோடு மாறும். டோக்கியோ–கனாசாவா சுமார் 14,000. அங்கிருந்து கியோட்டோவுக்கு 8,500 பக்கம். 2024 மார்ச்சில் ஷின்கான்சென் சுருகா வரை நீண்டதிலிருந்து அங்கே ரயில் மாற வேண்டும். அதோடு கியோட்டோ–ஹிரோஷிமா 11,000, திரும்பி வர 19,000. மொத்தம் 52,500. இந்த வழிக்கு ஏழு நாள் பாஸ்தான். மகளுக்குப் பாதி விலை, 25,000. டிக்கெட்டாக வாங்கினாலும் குழந்தைக்குப் பாதிதான் என்பதால் அதில் ஏற்ற இறக்கமில்லை.

முதல் சில நாட்கள் டோக்கியோவில் பாஸ் இல்லாமல் இருங்கள். பிறகு பாஸின் முதல் நாள் காலையில் கனாசாவா கிளம்பி ஒரு இரவு, கியோட்டோவில் மூன்று, ஹிரோஷிமாவில் இரண்டு, ஏழாம் நாள் டோக்கியோ. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. மாலையில் கிளம்பினாலும் ஒரு நாள் போய்விடும்.

இருப்புப்பாதை:
அக்கா, இன்னும் இரண்டு விஷயம். விமான நிலையத்தில் "தற்காலிகப் பார்வையாளர்" முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அது இல்லாமல் பாஸ் கைக்கு வராது. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால் கியோட்டோ–ஹிரோஷிமா–டோக்கியோ பாதையில் அதற்கான இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பதிவில்லாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள்.

வழிப்போக்கன்:
கடைசி நாள் ஹிரோஷிமாவிலிருந்து 6,500 கட்டி நொசோமி ஏற வேண்டாம். சகுரா என்ற ஷின்கான்சென்னில் ஷின்-ஒசாகா வந்து ஹிகாரிக்கு மாறினால் ஒரு மணி நேரம்தான் கூட ஆகும்.

கணக்கர்:
நான் கட்டச் சொல்வேன். ஏழு நாள் அலைந்த பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

புதுப்பயணி:
அதை ஹிரோஷிமாவில் மகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். பாஸ் மூன்றுக்கும் இன்றிரவே பணம் கட்டிவிடுகிறேன்.