புதுப்பிப்பு: மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை அரண்மனைகள், ஒரே நாளில்

முதல் பதிவில் வட்டதாகே (வட்ட வடிவப் புத்த கோயில்), கல்விகாரை (பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள்) முடித்து மதியம் அரண்மனைக்கு வரச் சொல்லியிருந்தேன். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். இங்கே ஆண்ட மன்னன் மகா பராக்கிரமபாகுவின் (ஆட்சி 1153–1186) அரண்மனையில் கூரையே இல்லை. பதினொரு மணிக்கு மேல் செங்கல் சுவர் அனல் கக்கும், சின்னப் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள்.

காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பினால், வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாக ஏறக்குறைய 100 கிலோமீற்றர், எட்டு மணிக்குள் போய்விடலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் வந்தால் முதலில் நூதனசாலைக்குப் போய் ரிக்கெற் எடுங்கள். நேரே வாசலுக்குப் போனால் திரும்பி வரவேண்டிவரும்.

அரண்மனைச் சுவர்களில் வரிசையாகத் துளைகள் தெரியும். மேல்மாடியைத் தாங்கிய மர உத்தரங்கள் செருகிய இடம் அவை. மரம் போயிற்று, செங்கல் நிற்கிறது. ஏழு மாடி, ஆயிரம் அறை என்பது பழைய நூல் சொல்லும் கணக்கு. அப்படியே நம்பத் தேவையில்லை. 1215இல் படையெடுத்து இந்த நகரைப் பிடித்த கலிங்க மாகனைத்தான் நம்ம மட்டக்களப்புப் பக்கம் மாகோன் என்கிறோம், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

பக்கத்து அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் குனிந்து பாருங்கள்: கீழ் வரிசை யானைகளில் தும்பிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம்.

வட்டதாகேயில் செருப்பைக் கழற்றவேண்டும், கல் சுடும், ஆளுக்கொரு சோடி காலுறை. சோற்றுப் பொதியை வேனுக்குள்ளேயே வையுங்கள், குரங்கு விடாது.

நாலு மணிக்குத் திரும்புங்கள். வெலிக்கந்தை, புனாணைப் பக்கம் இருட்டினால் யானை றோட்டுக்கு வரும்.