கிரேக்கக் குடியேறிகளின் வரலாற்றைக் காப்பவர்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

ஆர்மிடேல், நியூ சவுத் வேல்ஸ்

நான் குடியிருக்கும் ஊரிலிருந்து காரில் ஓரிரு மணி நேரத்தில் பிங்காராவை அடைந்துவிடலாம். ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் அந்தச் சிற்றூரின் கடைத்தெருவில், ஊருக்குச் சற்றும் பொருந்தாத பகட்டோடு ராக்ஸி திரையரங்கம் நிற்கிறது. கிரீஸின் கிதிரா தீவிலிருந்து வந்து, 'பீட்டர்ஸ் அண்ட் கம்பெனி' என்ற பெயரில் உணவகம் நடத்திய மூன்று கூட்டாளிகள் கைப்பணத்தையும் கடனையும் கொட்டி 1936இல் அதைத் திறந்தார்கள். முன்பே அவ்வூரில் படம் காட்டிக்கொண்டிருந்த ஒருவரோடு போட்டி முற்றியது, செலவும் கைமீறியது. அரங்கைத் திறந்து அதிக காலம் ஆகுமுன்பே மூவரும் நொடித்துப்போனார்கள். 1958இல் படக்காட்சியும் நின்றுபோனது. பிற்காலத்தில் உள்ளாட்சி மன்றமும் ஊர்மக்களும் முனைந்து கட்டடத்தைச் சீரமைத்து 2004இல் மீண்டும் திறந்தார்கள். உணவகமும் பழைய வடிவில் உயிர்பெற்றது. ஆஸ்திரேலிய நாட்டுப்புறங்களில் கிரேக்கர்கள் குடியேறியதைச் சொல்லும் அருங்காட்சியகம் 2014 முதல் அங்கேயே இயங்குகிறது.

நொடித்துப்போன ஒரு தொழிலை நடுவில் வைத்து அருங்காட்சியகம் அமைத்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. புலம்பெயர்ந்தோர் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் புரட்டினால் வென்றவர்களின் படங்களே பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் (நம் தமிழ்ச் சங்க மலர்களும் விதிவிலக்கல்ல). தோற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் குழுவைத்தான் நான் நம்புவேன்.

இந்த உணவகங்களின் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். கிதிராவைச் சேர்ந்த அதனாசியோ கொமினோ 1878இல் சிட்னி ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மீன் கடை வைத்து, பிறகு சிப்பி வணிகத்தில் பெரும்புள்ளி ஆனார். அவருக்குப் பின் உறவினரும் ஊர்க்காரரும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ரயில் நிற்கும் ஊர்களிலெல்லாம் அவர்களுடைய உணவகங்கள் முளைத்தன. விடியலில் திறந்து நள்ளிரவு நெருங்கும்போதுதான் அடைப்பார்கள். ஆனால் மேசைக்கு வந்தவை இறைச்சி வறுவலும் முட்டையும் பால் பானங்களும்தான்; தங்கள் வீட்டுச் சமையலை ஆங்கிலேய வம்சாவளி வாடிக்கையாளர்முன் வைக்க அவர்கள் துணியவில்லை. தாங்கள் சாப்பிட்டதைச் சமையலறைக்குப் பின்னால், கடை அடைத்த பிறகு சாப்பிட்டார்கள்.

எங்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டிய தன்னார்வலர் கிரேக்கர் அல்லர். உரிமையாளர் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதால், உணவகம் எப்படி இருந்தது என்பதைப் பெரும்பாலும் அங்கே சாப்பிட்டவர்களிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார். ஒரு சமூகத்தின் நினைவு அச்சமூகத்திடம் மட்டுமே இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மெல்போர்ன்

ஆர்மிடேல் நண்பர் கடையின் முன்பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் பார்த்தது வேறு பக்கம். ஒரு கிரேக்கத் தீவுக்காரர்களின் சங்கத்தில், பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வார இறுதிகளில் உதவியாக இருந்தேன். படங்கள் பிஸ்கட் டப்பாக்களில் வரும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தில் உள்ளவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் ஊறி முகத்துக்கே வந்துவிடும் என்பதால் பேனாவைத் தொடவே விடமாட்டார்கள்.

தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி தம் கணவருடைய மில்க் பாரின் (பால் பானங்களும் சிற்றுண்டியும் விற்கும் கடை) படங்களோடு வந்திருந்தார். கல்லாவில் கணவர், வாசலில் மைத்துனர், சைக்கிளோடு மகன் எனக் கட்டுக்கட்டாகப் படங்கள் இருந்தன. அவர் மட்டும் ஒன்றில்கூட இல்லை. அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று, அவர் சொல்வதைப் பதிவுசெய்த பெண் கேட்டதற்கு, உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, மூட்டை என்ன விலை, எந்தக் கத்தி, எத்தனை மணிக்கு எண்ணெய் மாற்றுவார்கள், கைக்குழந்தையை எந்தப் பெட்டியில் படுக்க வைத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். படங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பியிருந்தால், அந்தக் கடையில் பெண்ணே வேலை செய்யவில்லை என்றுதான் வருங்காலம் முடிவுகட்டியிருக்கும்.

பெயர்கள் தனித் தலைவலி. 1932இல் சிட்னி மார்ட்டின் பிளேஸில் புகழ்பெற்ற மில்க் பாரைத் திறந்த மிக் ஆடம்ஸின் இயற்பெயர் யோவாகிம் தவ்லாரிதிஸ். இப்படிப்பட்ட ஒருவரைக் குடியுரிமைக் கோப்பில் ஒரு பெயரிலும், திருச்சபைப் பதிவேட்டில் இன்னொரு பெயரிலும், கடைப் பலகையில் மூன்றாவது பெயரிலும் தேட வேண்டும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடிய உறவினர் உயிரோடு இருக்கும்போதே அட்டவணையைப் போட்டுவிட வேண்டும் என்பதில் அந்தச் சங்கத்தார் மிகக் கண்டிப்பு. அவர்களுடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. கிரீஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள் 1947இல் ஏறத்தாழ 12,000 பேர். இரு நாடுகளும் செய்துகொண்ட 1952 குடியேற்ற ஒப்பந்தத்தின் வழியாகவும் உறவினர் அழைப்பின் வழியாகவும் பெருகி, 1971இல் 1,60,000ஐ எட்டினார்கள். அந்தத் தலைமுறைதான் இப்போது வரிசையாக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

பெர்த்

தோல்வியைப் பற்றிப் பேசினீர்கள், அவமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1916 டிசம்பரில், கிரீஸ் மன்னர் முதல் உலகப் போரில் நடுநிலை வகித்ததால் எழுந்த ஆத்திரத்தில், எங்கள் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கல்கூர்லியிலும் போல்டரிலும் கிரேக்கர்களின் கடைகளைக் கும்பல் சூறையாடியது. அதே ஆண்டு அரசாங்கம் காவல்துறையைக் கொண்டு நாடு முழுவதும் கிரேக்கர்களை இரகசியமாகக் கணக்கெடுத்தது. ஓர் உள்ளூர் வரலாற்றுக் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது, முன்வரிசையில் இருந்த கிரேக்க முதியவர் ஒருவர் எழுந்து, நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும் இந்நாளில் இதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். பேசியவரும் பதில் சொல்லாமல், அடுத்த படத்தைத் திரையில் காட்டினார். எனக்கு அந்த மௌனம் உடன்பாடில்லை.

சால்ட் லேக் சிட்டி, யூட்டா, அமெரிக்கா

பெர்த் நண்பரின் முதியவரைப் போன்றவர்கள் இங்கும் உண்டு. ஆனால் யூட்டாவின் கிரேக்கர்களுக்கு ஹெலன் பாபனிகோலஸ் என்ற வரலாற்றாளர் வாய்த்தார். 1917இல் இங்குள்ள கார்பன் கவுண்டியில் குடியேறிகளின் மகளாகப் பிறந்த அவர், சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்தவர்களைப் பற்றி எழுதும்போது எதையும் மெழுகவில்லை. லியோனிதாஸ் ஸ்க்லிரிஸ் என்ற கிரேக்க ஆள்பிடி முகவர் வேலை வாங்கித் தருவதற்காகத் தம் நாட்டாரிடமே பணம் கறந்ததையும், 1912இல் பிங்ஹாம் தாமிரச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் அந்த முகவருக்கு எதிராகத் திரண்டதையும் அவர் பதிவுசெய்தார். இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இங்குள்ள புனித திரித்துவப் பேராலய வளாகத்தில் கிரேக்க மரபுச் சங்கத்தார் ஒரு சிறு அருங்காட்சியகத்தைப் பேணுகிறார்கள். யூட்டாக் கிரேக்கர்களின் வரலாற்றில் 1924 மார்ச் 8ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று காசில் கேட் சுரங்க வெடிப்பில் இறந்த 172 பேரில் 50 பேர் கிரேக்கர்கள். மணமாகாமல் இறந்த இளைஞனுக்கு மணமகனைப் போல உடுத்தி, திருமண முடி சூட்டி அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். திறந்த சவப்பெட்டியைச் சுற்றி நண்பர்கள் நிற்க, படம் எடுத்து ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்புவார்கள். மகன் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டான் என்பதற்கு அவளுக்கு வேறு சான்று கிடையாது. அத்தகைய படம் ஒன்றின் பிரதியைத் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் பார்த்தேன். அதை வரவேற்பறையில் மாட்டக்கூடாது என்று பிள்ளைகள் சொல்ல, பாட்டி தம் படுக்கையறையில் மாட்டி வைத்திருந்தார்.

கொல்கத்தா

நீங்கள் அனைவரும் சங்கம் இருக்கும் ஊர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் வாழும் நகரத்தில் சங்கம் அமைக்கக் கிரேக்கர்களே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் வணிகத்துக்காக இங்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1786இல் வந்த திமித்ரியோஸ் கலானோஸ், பின்னர் காசிக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்று 1833இல் அங்கேயே மறைந்தார். காளிகாட்டில் 1925இல் அர்ச்சிக்கப்பட்ட கிரேக்கத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. நாரிகேல்டாங்காவில் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. எழுத்து தேய்ந்த கற்களைப் படமெடுத்து வைக்கலாம் என்று நானும் சில நண்பர்களும் நினைக்கிறோம். எங்களில் யாருக்கும் கிரேக்கம் தெரியாது. மெல்போர்ன் நண்பர் வழி சொல்ல முடியுமா?

மெல்போர்ன்

ஐயா, முதலில் பராமரிப்பவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள், கம்பித் தூரிகையையும் தொடாதீர்கள். ஒவ்வொரு கல்லையும் தனியாக ஒன்று, பக்கத்துக் கற்களோடு சேர்த்து ஒன்று என எடுத்து, தோட்டத்தின் வரைபடத்தில் எண் குறித்துக்கொள்ளுங்கள். படங்களை எனக்கு அனுப்பினால் சங்கத்தில் படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுகிறேன். அவர்களில் இருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வேலை கேட்டு நச்சரிப்பவர்கள்.