அட்டைக்காகவே புத்தகம் வாங்குவது தவறா?

நீலமுகப்பு:

வணக்கம். என் அலமாரியின் நடுத்தட்டில் 41 புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. அவற்றில் 11 புத்தகங்கள், எழுத்துக்கூட்டக்கூட எனக்குத் தெரியாத மொழிகளில் உள்ளவை. எல்லாமே அட்டைப்படத்துக்காக வாங்கியவை. ஓட்டிக் கேட்கக் கருவி இல்லாமலே ஆறு இசைத்தட்டுகளும் வைத்திருக்கிறேன்.

கடைசியாக வாங்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டை முழுக்க அடர்நீலம். நடுவில் ஒரு மர நாற்காலி, அதன்மேல் மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். சட்டையின் ஒரு கை மட்டும் நீண்டு, புத்தகத்தின் முதுகைச் சுற்றிக்கொண்டு பின்னட்டைக்குப் போகிறது. புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்தால்தான் அந்தக் கை எங்கே போய் முடிகிறது என்று தெரியும்: பாதி திறந்த ஒரு ஜன்னலின் கொக்கியில். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படிக்காமல் அடுக்கி வைப்பது எழுதியவரை அவமதிப்பது அல்லவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போக மறுக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. ஜன்னல் பக்கம் இருந்த ஒரு சிவப்புப் புத்தகத்தின் முதுகு மட்டும் வெளிறிச் சாம்பல் கலந்த நீலமாகிவிட்டது. முன்னட்டை அப்படியே சிவப்பாக இருக்கிறது. மற்றவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

அச்சுமை:

முதலில் அந்த முதுகு. ஆண்டுக்கணக்காக அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வண்ண அட்டை பெரும்பாலும் நான்கு மைகளில் அச்சாகிறது: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. சிவப்புக்குத் தனி மை கிடையாது, மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் சிவப்பு. வெளிச்சத்துக்கு முதலில் தோற்பவையும் இந்த இரண்டுதான். அவை போனபின் மிச்சம் நிற்பது சயானும் கறுப்பும். நீங்கள் பார்க்கும் நீலச் சாம்பல் அதுதான். ஜன்னலை மூடி வைத்தாலும் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் போதும். அலமாரியை இடம் மாற்றுங்கள். உறை போடுவதானால் பாலியெஸ்டர் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் போடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி உங்கள் சித்தப்பாவின் கேள்வி. எழுதியவரை மட்டும் நினைத்து அவர் கேட்டிருக்கிறார். வரைந்தவரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார். 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலுக்கு பிரான்சிஸ் கூகாட் தீட்டிய மேலுறை, நாவல் எழுதி முடிவதற்கு முன்பே தயாராகிவிட்டது. அந்தப் படத்தை நாவலுக்குள்ளேயே எழுதிவிட்டதாக நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினார். அட்டை என்பது வெறும் பொட்டலத் தாள் இல்லை.

ஆனால் நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மஞ்சள் சட்டையை வரைந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

வட்டத்தழும்பு:

இசைத்தட்டுகளுக்காக நான் வருகிறேன். 1940 வாக்கில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஓவிய உறைகள் வரையத் தொடங்கும் முன், பெரும்பாலான இசைத்தட்டுகள் வெறும் பழுப்பு உறைகளில்தான் கடைக்கு வந்தன. படத்தைப் பார்த்துத் தட்டை வாங்கும் பழக்கத்துக்கு அவர்தான் வழி திறந்தார். 1979இல் வந்த ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்தின் முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 1967இல் கண்டறியப்பட்ட முதல் பல்சரின் (சீராகத் துடிக்கும் வானொலி அலைகளை அனுப்பும் விண்மீன்) துடிப்புகள் மட்டும், கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக. அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர என்னால் முடியவில்லை.

உங்கள் ஆறு தட்டுகளையும் உறையிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு அழுத்தி அழுத்தி, அட்டைப்படத்தின்மேல் வட்டமாக ஒரு தழும்பு விழும். விழுந்தால் போகாது. தட்டை வெள்ளைத் தாளுறையில் போட்டு, ஓவிய உறைக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

ஏடுபுரட்டி:

எனக்கு உடன்பாடில்லை. தெரியாத மொழிப் புத்தகங்களை விடுங்கள், மீதி 30 உங்களுக்குப் புரியும் மொழியில்தானே இருக்கின்றன? அந்தச் சட்டை ஏன் ஜன்னல் கொக்கியைத் தொடுகிறது என்று கேட்கத் தெரிந்த கண் உங்களுக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர் மற்ற 30 அட்டைகளோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்றையாவது திறந்து பாருங்கள்.

நீலமுகப்பு:

மூவருக்கும் நன்றி. அலமாரி இடம் மாறிவிட்டது. தட்டுகளை வெளியே எடுத்துவிட்டேன், ஓர் உறையில் தழும்பு ஏற்கெனவே விழுந்திருந்தது.

அச்சுமை ஐயா, நீங்கள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து 41 புத்தகங்களிலும் தேடினேன். 26இல் ஓவியரின் பெயர் கிடைத்தது. சிலவற்றில் மேலுறையின் உள்மடிப்பில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. நீல அட்டைப் புத்தகத்தில் பதிப்புரிமைப் பக்கத்தின் கடைசி வரியைச் செல்போன் மொழிபெயர்ப்பில் காட்டினேன், "அட்டை ஓவியம்" என்று வந்தது. அதை அடுத்து ஒரு பெண்ணின் பெயர். அதை அந்த எழுத்து வடிவத்திலேயே பார்த்துப் பார்த்து ஒரு துண்டுத்தாளில் வரைந்து, முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏடுபுரட்டி, சிவப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். 40 பக்கம் ஆகிறது.

மீதி 15 புத்தகங்களில் ஓவியர் பெயர் எங்கேயுமே இல்லை. ஓவியத்தின் மூலையில் கையொப்பம் இருப்பவை மூன்று, அவற்றையும் படிக்க முடியவில்லை. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டால் சொல்வார்களா? யாராவது அப்படிக் கேட்டுப் பெற்றிருக்கிறீர்களா?