கண்டதைச் சொல்லும் தரம் 2 மாணவர்கள் அதை எழுதத் தடுமாறுகிறார்கள்: ஆலோசனை தேவை

வணக்கம். மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 2 கற்பிக்கிறேன். சுற்றாடல்சார் செயற்பாடுகளில் கூர்ந்து கவனித்ததை என் மாணவர்கள் வாயால் மிகத் தெளிவாகச் சொல்கிறார்கள். அதையே ஒரு வசனமாக எழுதச் சொன்னால் பலரால் முடியவில்லை. இரண்டாம் தவணைத் தொடக்கத்திலிருந்து இதே நிலை.

சிரட்டையில் ஈரப்பஞ்சு வைத்துப் பயறும் சோளமும் முளைக்கவிட்டோம். இலைக்கு முன்பே வேர் வெளிவருவதையும், பயறு இரண்டாகப் பிளப்பதையும், சோளம் அப்படிப் பிளக்காததையும் நான் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள். எழுத்தில்தான் சிக்கல். வேர், விதை, இலை, முளை என இப்பாடத்துக்கு வேண்டிய சொற்களில் எல்லாம், ஒலியில் பின்னால் வரும் உயிருக்கான குறி எழுத்தில் மெய்க்கு முன்னால் நிற்கிறது. 'வர்' என்று எழுதிவிட்டுக் கொம்பைப் பிறகு எங்காவது சேர்க்கிறார்கள். 'மரம்', 'பட்டம்' ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுபவர்களும் இவர்களே.

படத்துக்குப் பெயரிடுதல், சொல்லட்டைகள், மணலில் எழுதுதல் ஆகியவற்றைச் செய்துபார்த்தேன். அவர்கள் சொல்வதை நான் கரும்பலகையில் எழுத, பார்த்து எழுதும்போது பிழையில்லை. அழித்ததும் பழையபடி ஆகிறது. சொல்வதெழுதுதலைக் கூட்டினால் முளையைப் பார்க்கும் ஆர்வமே குறைகிறது. அந்த ஆர்வத்தை இழக்க நான் விரும்பவில்லை.

கொம்பெழுத்துகளைத் தனிப் பயிற்சியாக முடித்தபின் அவதானக் குறிப்பு எழுதவைப்பது, அக்குறிப்பின் ஊடாகவே அவற்றைப் பழக்குவது, இவ்விரண்டில் ஆரம்பப் பிரிவில் உங்களுக்குப் பலன் தந்த முறை எது?