சாமை மில்லுக்கு எல்லாரையும் ஒன்றாக வரவழைப்பது எப்படி?

மலைச்சாமை:
ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் எங்கள் ஊர். எல்லாரும் ஒன்றிரண்டு ஏக்கர்காரர்கள். நான் இங்கே ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் (விவசாயிகளே பங்குதாரர்கள்) வேலை பார்க்கிறேன். சாமையை மூட்டையாக விற்றால் லாபம் மலைக்குக் கீழே இருக்கிற வியாபாரிகளுக்குப் போய்விடுகிறது என்று மலையிலேயே உமி நீக்கும் இயந்திரம் வைத்தோம். ஆனால் கல்லும் குருணையும் (உடைந்த அரிசி) அதிகம் என்று வாங்குகிறவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

வேளாண் துறைக்காரர்கள், விஞ்ஞானிகள், வங்கி மேலாளர், தொண்டு நிறுவனத்தார் எல்லாரையும் அழைத்துக் கூட்டம் நடத்தினோம். சால்வை, போட்டோ, சாப்பாடு எல்லாம் நடந்தது. இயந்திரம் பற்றி ஒரு பேச்சு இல்லை. அடுத்த அறுப்புக்குள் இவர்களை எப்படி உருப்படியாக ஒன்று சேர்ப்பது?

உமித்தூசி:
தம்பி, உங்கள் அழைப்புப் பட்டியலில் சாமையைக் கையால் தொடுகிற ஆள் ஒருவர்கூட இல்லையே? அரூர் பக்கம் ரொம்ப வருஷமாகச் சிறுதானிய மில் ஓட்டுகிறேன். இடைத்தரகன் என்று எங்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் டீச்செலவு என்னுடையது.

கல் பிரச்சினை மில்லில் இல்லை, களத்தில் இருக்கிறது. தார் ரோட்டிலோ மண் களத்திலோ போட்டு அடித்தால் மணல் சேரத்தான் செய்யும். கல் நீக்கும் இயந்திரம் எடை வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறது; சாமை மணியின் எடையை ஒட்டி இருக்கிற பொடிக்கல் முழுசாகப் பிரியாது. தார்ப்பாய் விரித்து அடிக்கச் சொல்லுங்கள்.

குருணைக்கு வேறு காரணம். ஒவ்வொரு வீட்டுச் சாமையும் ஒவ்வொரு பருமன், ஒவ்வொரு ஈரம். அத்தனையும் ஒரே தொட்டியில் கொட்டி வேகத்தை ஏற்றினால் பெரிய மணி உடையும், சின்ன மணி உமியோடு வெளியே வரும். முதலில் சலித்துப் பருமன் வாரியாகப் பிரியுங்கள். ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். உமி போகாததை மறுபடி போடுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். நன்றாக ஓடினால் என் மில்லில் 100 கிலோவுக்கு 60 கிலோவை ஒட்டி அரிசி நிற்கும்.

இதையெல்லாம் மேடையில் பேசி ஆகாது. தார்ப்பாயில் அடித்த மூட்டை ஒன்று, ரோட்டில் அடித்த மூட்டை ஒன்று எடுத்துவைத்து, விஞ்ஞானி கண்ணெதிரே ஓட்டுங்கள். இயந்திரம் செய்துகொடுத்தவரும் சரக்கு வாங்குகிற வியாபாரியும் பக்கத்தில் நிற்கணும். சல்லடைக் கண் எந்த அளவு என்று சண்டை வரும். வரட்டும், அதற்குத்தானே கூப்பிடுகிறீர்கள்.

செம்மேட்டு அக்கா:
கொல்லிமலையில் இருந்து எழுதுகிறேன். இங்கே மரவள்ளிச் சாகுபடி ஏறிச் சாமை இறங்கியதற்கு விலை மட்டும் காரணமில்லை. உரலில் போட்டு இடித்து மாளாது, அதனாலும்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம் என்று இங்கே வேலை செய்தபோது மகளிர் குழுக்களும் இயந்திரம் ஓட்டினார்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்தால் பேச்சு மானியத்துக்குப் போய்விடும். நேற்று இரண்டாவது ஓட்டத்தில் குருணை ஏன் கூடியது என்று கேட்பது மில்லில் நிற்கிற பெண்தான். அவளை அந்த இடத்தில் பேசவிடுங்கள். வீட்டுக்கு ஐந்து கிலோ அரைக்க வருகிறவர்களையும் திருப்பி அனுப்பாதீர்கள் தம்பி. அவர்கள் வந்துபோனால்தான் மில் ஊருக்குச் சொந்தமாகும்.

பழைய ஏஓ:
புதிதாக அமைப்பு எதுவும் தொடங்க வேண்டாம். அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு ஏற்கெனவே உண்டு. செயல்விளக்கத்துக்கும் கண்டுணர்வு சுற்றுலாவுக்கும் அதில் இடம் இருக்கிறது. உமித்தூசி சொன்ன இரண்டு மூட்டைச் சோதனையை ஒரு செயல்விளக்கமாக எழுதிக் கொடுங்கள். அலுவலருக்குக் கணக்கில் காட்ட ஒரு வேலை கிடைத்தால் அவரே வருவார். இது வேளாண் அலுவலராக (ஏஓ) இருந்த என் சர்வீஸ் அனுபவம்.

2017-18-ல் தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தபோது 100 பேர் கொண்ட ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் இயந்திரம் வாங்க 5 லட்சம் கிடைத்தது. பக்கத்துக் குழுக்களில் தார்ப்பாய், சலிப்பு இயந்திரம் ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு. சாமைக்கென்று தனியாக இல்லை. ஆகவே வியாபாரியை ஒதுக்கிவிட்டு எதுவும் நடக்காது. அத்தியந்தல் சிறுதானிய மையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே உருவான ஏடிஎல் 1 என்ற சாமை ரகத்தை எல்லாரும் விதைத்தால் மணி ஒரே சீராக வரும்.

செம்மேட்டு அக்கா:
சார், மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடில்லை. மில்லுக்கு வசதி என்று எல்லாரும் ஒரே ரகம் போட்டால் நாட்டு ரகம் கையைவிட்டுப் போகும். அப்புறம் மழை தவறும் வருஷம் எதை விதைப்பது? ரகவாரியாகத் தனித்தனி மூட்டை கட்டி, தனித்தனி நாளில் ஓட்டினால் போதுமே.

பழைய ஏஓ:
தனித்தனியாக ஓட்ட மில்காரருக்குப் பொறுமை இருந்தால் சரிதான்.

மலைச்சாமை:
ரகவாரியாக ஓட்டலாம், எங்கள் மில்லில் நெரிசல் இல்லை. அடுத்த முறை மேடை கிடையாது, மில் வாசலில்தான். இயந்திரக்காரரிடம் போனில் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார். ஒரே இழுபறி, தார்ப்பாய்க்கு யார் பணம் போடுவது? நிறுவனத்திடம் இல்லை, விவசாயிகளும் வாங்க மாட்டார்கள்.

உமித்தூசி:
வியாபாரியிடமே கேளுங்கள். கல் இல்லாத மூட்டைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டித் தருவார் என்று அந்த நாளிலேயே, எல்லார் முன்னாலும் எழுதி வாங்குங்கள். கூடுதல் விலை உறுதியானால் தார்ப்பாய் தானாக வரும். மறுத்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், நானே ஒரு லோடு எடுத்துப் பார்க்கிறேன். சாம்பிள் மட்டும் முன்கூட்டியே அனுப்பணும்.