புதுப்பிப்பு: ஹாலோவீன் மேசையை எங்கே போடுவது?

அமெரிக்கத் தெருவில் புதிதாகக் குடியேறியவர்கள் ஹாலோவீனை (அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள்) சாக்கிட்டு அக்கம்பக்கத்தோடு பழகுவது பற்றிய முந்தைய பதிவில், வாசல் விளக்கு எரியும் வீட்டுக் கதவை மட்டும் தட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். விடுபட்டவை இவை.

மிட்டாய் கொடுக்கும் மேசையை வாசற்படியில் போடாமல் டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) தெருவைத் தொடும் முனையில் போடுங்கள். கதவைத் திறந்து மிட்டாய் கொடுத்தால் பேச்சு பத்து விநாடியில் முடிந்துவிடும். மடக்கு மேசை, நாலைந்து நாற்காலி, ஃபிளாஸ்க்கில் சூடான ஆப்பிள் சைடர் (மது இல்லாத ஆப்பிள் சாறு) இருந்தால் பெற்றோர் நின்று பேசுவார்கள். பக்கத்து வீட்டாரும் தங்கள் மேசையை ஒட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

கிண்ணத்தை அப்படியே நீட்டாதீர்கள், அள்ளிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு என்று கையில் கொடுத்தால் 150 மிட்டாய் 75 பிள்ளைகளுக்கு வரும். போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எதிர்வீட்டில் கேளுங்கள். அறிமுகத்துக்கு அதைவிட நல்ல சாக்கு இல்லை.

வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்தால், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் இங்கே ஏதாவது உண்டு என்று பொருள். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. அவர்களுக்கான பென்சில், ஸ்டிக்கர்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மிட்டாயோடு கலந்தால் பயனில்லை.

அலங்காரப் பூசணியை அக்டோபர் 29-ஆம் தேதிக்கு முன் செதுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். உள்ளே எல்இடி விளக்குதான். பிள்ளைகளின் நீள வேட அங்கிகள் மெழுகுவர்த்தியில் பற்றிக்கொள்ளும்.