நெவர்ஹூட் நடைபாதையைச் சோம்பேறித்தனம் என்பவர்களுக்கு

குன்னூர்க்காரன்:
பழைய கம்ப்யூட்டர் கேம்கள் இழையில் கொடைக்குறிஞ்சி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நெவர்ஹூட் "நேரத்தை இழுக்கும் சோம்பேறி கேம்" என்கிறார். ஆதாரம், அந்த நீளமான நடைபாதையாம். 1996இல் டக் டெனாபெலும் அவர் குழுவும் மூன்று டன்னுக்கு மேல் களிமண்ணைப் பிசைந்து, ஒரு உலகத்தையே கையால் செய்து, பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தார்கள். அவர்களையா சோம்பேறி என்பது?

கொடைக்குறிஞ்சி:
களிமண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை அண்ணே. நடைபாதையைச் சொன்னேன். சுவர் நெடுகக் கதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு திரை முடிந்தால் அடுத்த திரை, அதுவும் முடிந்தால் இன்னொன்று. கடைசியில் ஒரு வட்டு கிடைக்கிறது. சரி, எடுத்தாயிற்று. அப்புறம் அத்தனை தூரமும் திரும்பி நடக்க வேண்டும்! திரும்பி வருவதில் என்ன புதிர் இருக்கிறது?

குன்னூர்க்காரன்:
எல்லாவற்றிலும் புதிர் தேடினால் இப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கிறது. பஸ்ஸில் ஏறினால் அதில் பாதி நேரம்கூட ஆகாது. பிறகு எதற்கு ஜனங்கள் ரயில் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள்? 16 குகை, 208 வளைவு, அந்த மெதுவான ஏற்றம், அதற்காகத்தான். நெவர்ஹூட்டில் நடைதான் கேம்.

லவ்டேல் பனி:
ஒரு திருத்தம். ஏறும்போதுதான் ஐந்து மணி நேரம். இறங்கும்போது மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம்.

கொடைக்குறிஞ்சி:
பாருங்கள்! ரயில்கூடத் திரும்பும்போது சீக்கிரம் வருகிறது. நாம் நடத்துகிற களிமண் பொம்மை க்ளேமனோ அதே ஆமை நடை. அதோடு ரயிலில் ஜன்னல் இருக்கிறது, ஹில்குரோவ் ஸ்டேஷன் தாண்டினால் காடே மாறுகிறது. இங்கே சுவர், சுவர், சுவர். எந்த விவாதம் என்றாலும் உங்கள் ஊர் ரயிலை இழுத்துக்கொண்டு வருவீர்களா? போன மாதம் வீட்டில் செய்யும் சாக்லேட்டைப் பற்றிப் பேசியபோதும் இதே ரயில்தான்.

குன்னூர்க்காரன்:
கொடைக்கானலுக்கு ரயில் இல்லை என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது.

கொடைக்குறிஞ்சி:
எங்களுக்குக் கோடை ரோடு ஸ்டேஷன் போதும். பேச்சை மாற்றாதீர்கள். திரும்பும் வழி எதற்கு?

கோத்தகிரி மேடு:
இருவரும் களிமண், களிமண் என்கிறீர்களே, அது களிமண்ணே கிடையாது. எங்கள் பக்கம் கோத்தர் பெண்கள் பானை வனைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மண் காய்ந்தால் விறைத்துவிடும், அதை வளைக்க முடியாது. அனிமேஷனுக்கு எடுப்பது எண்ணெய் கலந்த மண். அது காயாது.

குன்னூர்க்காரன்:
தெரியும் நண்பரே, எனக்குப் பாடம் வேண்டாம். அந்த மண்ணோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். காலேஜ் படித்தபோது ஒரு ஜனவரி மாதம் என் அறையில் ஒரு சின்ன பொம்மை செய்து படம் எடுத்துப் பார்த்தேன். குளிரில் மண் மெழுகுக்கட்டி மாதிரி இறுகிவிட்டது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து இளக்க வேண்டியிருந்தது. விளக்கைப் பக்கத்தில் வைத்தால் பொம்மையின் கழுத்து தொய்ந்துவிடும். விநாடிக்கு 12 படம் என்று கணக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து 50 படம் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் நாலு விநாடி. அந்த நாலு விநாடியில் பொம்மையின் தோல் உயிருள்ளது போலத் துடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் என் விரல் பட்ட இடம் மாறியதால் வந்த துடிப்பு அது. க்ளேமன் நடக்கும்போதும் அந்தத் துடிப்பு இருக்கிறது. அவன் பேசுவதில்லை. ஆனால் திரையில் சும்மா நின்றாலே ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். டெரி ஸ்காட் டெய்லரின் இசை வேறு, வாய்க்குள் முணுமுணுத்துப் பாடுகிற அந்தப் பாட்டு. இப்படிப்பட்ட ஒருவனை நடக்கவிட்டுப் பார்க்க நேரமில்லாதவர்கள் இந்த கேமைத் தொடவே வேண்டாம்.

கொடைக்குறிஞ்சி:
நான்கு விநாடிக்கு ஒரு ராத்திரி ஆனது உங்கள் பெருமை. மறுக்கவில்லை. ஆனால் அவன் நடக்கிற அழகைப் பார்க்க ஒரு தடவை போதாதா? திரும்பியும் ஏன்?

குன்னூர்க்காரன்:
முதலில் ஒரு கேள்வி. நீங்கள் கேமை முடித்தீர்களா, இல்லை விடையைப் பார்த்துப் பாதியில் விட்டீர்களா?

கொடைக்குறிஞ்சி:
இரண்டு முடிவையும் பார்த்தவள் நான். கிரீடத்தை அந்த உலகத்தின் ராஜா ஹோபோர்க் தலையில் வைத்தும் முடித்தேன், க்ளேமனே சூட்டிக்கொள்கிற முடிவையும் பார்த்தேன். எச்சரிக்கைப் பலகையை மீறி அந்தக் குழியில் குதித்துச் செத்தும் பார்த்தேன். குழியில் விழுந்து சாவதற்கு அரை நிமிடம் ஆகாது. நடைபாதையில் போய்வர எத்தனை நிமிடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

லவ்டேல் பனி:
அண்ணன் எப்போதும் இப்படித்தான். போன வருடம் இதன் அடுத்த பாகமான ஸ்கல்மங்கீஸ் பிடிக்கும் என்று நான் சொன்னதற்கு, நெவர்ஹூட்டையே விளையாடாதவன் என்று எழுதினார். இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை.

குன்னூர்க்காரன்:
1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஸ்கல்மங்கீஸ் தாவிக் குதிக்கிற கேம். அதையும் இதையும் ஒரே தராசில் வைத்தது உங்கள் தப்பு. நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கோத்தகிரி மேடு:
மண் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். மூன்று டன் களிமண் என்று எழுதியதைத் திருத்துங்கள்.

குன்னூர்க்காரன்:
திருத்த மாட்டேன். ஊரே அதைக் களிமண் என்றுதான் சொல்கிறது. கொடைக்குறிஞ்சிக்குக் கடைசியாகச் சொல்கிறேன். போகும்போது கதையைப் படிக்கிறோம். திரும்பும்போது படிக்க ஒன்றுமில்லை, அவனும் நாமும் மட்டும்தான். அந்தத் தனிமைதான் இந்த கேம்.

கொடைக்குறிஞ்சி:
அந்தத் தனிமையைத்தான் நான் சோம்பேறித்தனம் என்கிறேன். அந்தக் கோடியிலேயே ஒரு கதவு வைத்திருக்கலாம்.

குன்னூர்க்காரன்:
கதவா! இந்த கேமைப் பற்றி இனி நீங்கள் எழுதும் எதற்கும் நான் வந்து பதில் எழுதுவேன்.

லவ்டேல் பனி:
என் மன்னிப்பு?